நைனாவின் கண் சோதனை

நம்மோடு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர்களில் பாதிப் பேராவது, தெருவுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும் உத்தியோகத்தை ஏழெட்டு வயதிலேயே ஏற்றுக்கொண்டவர்கள். தபால்காரர் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனால், "அந்தப் பொண்ணக் கூப்புடு" என்பார்கள். பாவாடையை இடுக்கிக்கொண்டு ஓடுவோமே, அந்த ஓட்டத்தில் எவ்வளவு கர்வம் இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது யாருக்கும் குறைந்ததல்ல. இன்றும் குறையவில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு கோடையில் அந்தக் கர்வம் என் வீட்டில் செய்த காரியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதானால் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

என் அப்பா லாரி டிரைவர். நாங்கள் நைனா என்போம். மந்தைவெளியில் ஒரு விறகுத் தொட்டிக்கு, அதாவது விறகு மண்டிக்குப் பின்னால் எங்கள் வீடு. தொட்டி முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் அவர் பாய். செங்கல்பட்டுப் பக்கமிருந்து சவுக்குக் கட்டையும் கரியும் ஏற்றி வந்து மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வீடுகளுக்குப் போடுவது அவருடைய லாரியின் வேலை. யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் லாரிக்கும் கரியே சாப்பாடாகிவிட்டது. டிரைவர் இடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு இரும்பு உருளை வைத்துக் கட்டினார்கள். அதில் கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, விசிறியின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். உள்ளே கரி கனன்று வாயுவாக மாறி எஞ்சினுக்குப் போகும்.

காலையில் அந்தக் கைப்பிடியைச் சுற்றுவது நான்தான். சுற்றிக்கொண்டே பாடம் ஒப்பிப்பேன். ஆறுகளின் பெயர், மலைகளின் பெயர், ராஜாக்களின் வரிசை எல்லாம் அந்த விசிறிச் சத்தத்தோடுதான் எனக்கு மனப்பாடமாயின. உருளையின் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் உண்டு. நைனா அதன் வாயில் தீக்குச்சியைக் காட்டுவார். முதலில் ஜ்வாலை மஞ்சளாகத் துள்ளும், அணையும். நைனா குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது எப்போதும் ஒரே மாதிரிதான் தெரியும். அவர் மட்டும், "தோ, நீலம் நின்னுருச்சி. வுடு பாப்பா" என்பார். உடனே வண்டி கிளம்பிவிடும். ஒரு நாள்கூட அவர் பார்வை தப்பியதில்லை. அந்தப் புகையில் எனக்குப் பத்து மணி வரைக்கும் தலை வலிக்கும். அவருக்குக் கண்கள் சிவந்தே இருக்கும்.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பட்டாளத்து லாரிகளை ஏலத்தில் விற்றார்கள். அவற்றை ஓட்டிப் பழகிய பையன்களும் பட்டாளத்திலிருந்து கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். தொட்டிக்கு எதிரே இருந்த டீக்கடையில் டிரைவர்களின் பேச்சு மாறிவிட்டது. அதுவரை டயர், கரி, போலீஸ் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், யார் யாரை எந்த முதலாளி நிறுத்திவிட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள்.

"கரி வண்டி ஓட்னவனுக்கு இன்னிக்கு இன்னா மரியாத?" என்றார் ஒருவர். "அந்தப் பசங்க பர்மா மலையில ஓட்டிட்டு வந்துகிறானுங்க. பூட்ஸு, சர்டிபிகேட்டு எல்லாம் வச்சிகிறானுங்க. நீ இன்னா வச்சிகிற?"

"நான் இருமல் வச்சிகிறேன்" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். ஆனால் அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

பாயும் மறைக்கவில்லை. ஒரு நாள் நைனாவைக் கூப்பிட்டு, "பாருப்பா, நானும் ஒரு பட்டாளத்து வண்டி எடுக்கப் போறேன். இந்த டிரம்மு வண்டிய இரும்புக்காரன்தான் வாங்குவான். உன்னை நானா போவச் சொல்ல மாட்டேன். ஆனா புது வண்டிக்கு பட்டாளத்து ஆளா பாருன்னு என் மருமகன் தொல்லை பண்ணிகினு கீறான். நல்ல எடமா ஒண்ணு கெடச்சா பாத்துக்கோ" என்றார். அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை. அதுதான் நைனாவுக்கு அதிகம் வலித்தது.

டிரைவருக்கு அப்போது மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பெங்களூர் ரோட்டு லாரி. வீட்டுக்கு மாதத்தில் நான்கு நாள் வந்தால் அதிகம். பிரேக் இருக்கிறதா என்று முதலாளியும் கேட்க மாட்டார், டிரைவரும் சொல்ல மாட்டார். இரண்டாவது, பங்களாவில் கார் ஓட்டுவது. மூன்றாவது, புதிதாக வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்ட சர்க்கார் பஸ்.

அம்மாவுக்குப் பங்களாதான் பிடித்தது. தினம் வீட்டுக்கு வந்துவிடலாம், நிழலில் வேலை. நைனா அடையாற்றில் ஒரு பெரிய வீட்டில் போய்ச் சேர்ந்தார். எட்டாம் நாள் பாயின் லாரிக்கே திரும்பிவிட்டார்.

"இன்னாய்யா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டி ஓட்ற வேல ஒரு அவரு. மிச்ச நேரம் அந்தம்மா நாயிக்குக் குளிப்பாட்டணும். அதுகூடப் பரவால்ல. அந்த நாயி பேரச் சொல்லி, 'அவர் மேல தண்ணிய மெதுவா ஊத்து'ன்றாங்க. நாயி அவரு. நான் 'நீ'."

அம்மா சிரிக்கவில்லை. "நாயிக்குக் குளிப்பாட்டினா கை தேஞ்சிடுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ நைனா திரும்பியது சந்தோஷம். ஏனென்றால் என் மனசில் மூன்றாவது வழிதான் இருந்தது.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த வருஷம் நான் மயிலாப்பூரில் பெண்கள் ஹைஸ்கூலில் நாலாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்காருகிறவள் மாடவீதிப் பெண். நல்லவள். ஒரு நாள், "உங்காத்துல அப்பா என்னடி பண்றார்?" என்றாள்.

"டிரைவர்."

"காருக்கா?"

"லாரிக்கு."

"ஓ" என்றாள். அந்த ஓவை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். சர்க்கார் பஸ் என்றால் காக்கிச் சட்டை, பித்தளை வில்லை, வயதானால் பென்ஷன். 'அப்பா சர்க்கார் உத்தியோகம்' என்று சொல்லலாம். நைனாவுக்கு அது சாப்பாட்டு விஷயம், எனக்கோ அந்த ஒரு வாக்கியம்.

அப்போதுதான் என் தாய்மாமன் பட்டாளத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினான். அவனும் டிரைவர். எகிப்து வரைக்கும் போனவன். எங்கள் ஒற்றை அறையில் அவனுடைய பூட்ஸும் தகரப் பெட்டியும் ஒரு ஆளுக்கான இடத்தை எடுத்துக்கொண்டன. சர்க்கார் பஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவன் அவன்தான். இரண்டு மனுப் பாரங்களையும் வாங்கி வந்து, ஒன்றை நைனா முன்னால் வைத்தான்.

"மாமா, நீ போடு, நானும் போடறேன். ரெண்டு பேருக்கும் கெடச்சா ஒரே டிப்போ."

பாரம் இங்கிலீஷில் இருந்தது. மாமனுக்குப் பட்டாளத்தில் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனாலும் இரண்டையும் நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அப்போதே அழகு. 'எழுதப் படிக்கத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி இருந்தது. நைனாவுக்குத் தன் பெயரைத் தமிழில் போடத் தெரியும். அதுவும் முந்தின வருஷம் நான் கற்றுக்கொடுத்தது. அதுவரைக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால் கட்டைவிரல்தான். எழுதுகிறார் என்பதைவிட வரைகிறார் என்பதுதான் சரி. ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி, ஒரு புள்ளியில் ஆரம்பித்து அதே புள்ளிக்கு வருவார்.

"நைனா, தெரியும்னு போடட்டுமா?"

"நீ படிச்சவ. உனுக்குத் தெரியாததா?"

'ஆம்' என்று எழுதினேன். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் விடாமல் படித்து, தமிழில் பெருமையாகச் சொன்னேன்: "மேலே எழுதியதில் பொய் இருந்தால் எழுதியவர் தண்டிக்கப்படுவார்." மாமன் கைதட்டினான். நைனா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெயரை வரைந்தார்.

கண் சோதனையைப் பற்றிச் சொன்னதும் மாமன்தான். சுவரில் ஒரு அட்டை தொங்கும். மேலே ஒரே எழுத்து, தேங்காய் அளவு. கீழே வர வரப் பொடியாகும். இருபதடி தள்ளி நின்று படிக்க வேண்டும்.

"எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா?" என்றார் நைனா. அவர் குரல் இறங்கியிருந்தது.

"அதுக்கு இன்னா மாமா? பட்டாளத்துல கைநாட்டுப் பசங்களுக்கு வேற அட்டை வச்சிருந்தானுங்க. மூணு காலு போட்ட குறி ஒண்ணு இருக்கும். காலு எந்தப் பக்கம் பாத்துகினு கீதுன்னு வெரலால காட்டணும், அவ்ளோதான். இங்கயும் இருக்கும். 'சார், படிக்கத் தெரியாது'ன்னு சொல்லு. அத்த எடுத்துக் காட்டுவானுங்க."

நான் குறுக்கே விழுந்தேன். "என் நைனா ஒண்ணும் கைநாட்டு இல்ல."

"யாரு இல்லன்னா? ஒரு பேச்சுக்கு..."

"பாரத்துல தெரியும்னு எழுதியாச்சு மாமா. நைனா எழுத்தையே படிக்கும். நான் கத்துக்குடுக்கிறேன்."

மாமன் நைனாவைப் பார்த்தான். நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரிந்தது சந்தோஷம் மட்டும்தான். இரண்டும் இருந்திருக்கும்.

லஸ் முனையில், டிராம் திரும்புகிற இடத்துக்கு எதிரே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. அங்கே அந்த மாதிரி ஒரு அட்டை தொங்கியது. மூன்று சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது அங்கே நின்று, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்படியே வரைந்துகொண்டேன். கடைக்காரர், "என்னம்மா, கண்ணாடி வேணுமா?" என்று கேட்டார். "ஸ்கூல்ல கேட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். உலகத்தில் கண் சோதனை அட்டை என்றால் ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்தேன். இந்தியாவின் படம் ஒன்றே ஒன்று இருக்கிற மாதிரி.

தாளைச் சுவரில் ஒட்டினோம். மேலே ஈ. அடுத்த வரியில் எஃப், பீ. அடுத்து டீ, ஓ, இஸட். இப்படியே ஏழெட்டு வரி. சோதனைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

நைனாவுக்கு எழுத்துகளின் மேல் உண்மையிலேயே ஆசை வந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். "இது வாயத் தொறந்துகினு கீது. இது பேரு இன்னா சொன்ன? சீயா? இது பாரு, தாழ்ப்பா கழண்ட மாதிரி" என்பார். ஒரு எழுத்துக்கு அரை மணி நேரம். நாலு நாளில் ஐந்து எழுத்துதான் ஆகியிருந்தது. எனக்குப் பொறுமை போயிற்று. கூடவே ஒரு வெட்கமும் வந்தது. என் அப்பா இவ்வளவு மெதுவாகப் படிப்பவரா என்ற வெட்கம்.

"நைனா, முகத்தையெல்லாம் பார்க்காதே. வரிசைய மட்டும் பிடிச்சுக்கோ. மேலேருந்து கீழே ஒப்பிச்சுட்டா போதும்."

"வேற எடத்துல இத்தப் பாத்தா எப்டித் தெரிஞ்சிக்கிறது?"

"வேற எடத்துல பார்க்கவே மாட்டே."

அவர் தாளை விட்டு என் பக்கம் திரும்பினார். "நீ இப்டித்தான் படிச்சியா?" என்றார்.

"எல்லாரும் இப்படித்தான் படிப்போம்" என்றேன். அது பொய்யில்லை. ஆறுகளின் பெயரை வரிசையாகச் சொல்வேன். ஒரு ஆற்றைக் கொண்டுபோய் என் முன்னால் நிறுத்தினால் அது எது என்று எனக்கும் தெரிந்திருக்காது.

வரிசை என்றதும் நைனா தன் வேலையைக் கொண்டுவந்து அதில் பொருத்திவிட்டார். விறகு போடும் வீடுகளை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. எத்தனை வீடு, எந்தச் சந்து, யாருக்கு முதலில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. ஒவ்வொரு வரியையும் ஒரு டிரிப்பாக வைத்துக்கொண்டார். முதல் டிரிப்பில் ஒரே வீடு, அது ஈ. இரண்டாவதில் இரண்டு வீடு, எஃப் என்பது வக்கீல், பீ என்பது பக்கத்துக் குதிரை லாயம். மூன்றாவது டிரிப் மாம்பலத்துக்கு. டீ, ஓ, இஸட். சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு டிரிப் டிரிப்பாக ஓட்டுவார். ஒரே வாரத்தில் கடைசி வரி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா, "வெறகு இல்லாத லாரிய எம்மாம் நேரம் ஓட்டுவ? சோறு ஆறுது" என்பாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பதினான்கு வயதில் ஒருவரைத் தயார் பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன்.

சோதனைக்குப் போகும் நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சர்க்கார் கட்டிடம், நீளமான தாழ்வாரம், முப்பது நாற்பது பேர். முதலில் வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நைனா உட்கார்ந்ததும் அவருடைய கை அங்கே இல்லாத ஒரு கைப்பிடியைத் தேடியது. கரி வண்டியில் காற்றை ஏற்றி இறக்கும் கைப்பிடி அது. பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் சிரித்தார். "கரி டிரைவரா? அது இங்க இல்லப்பா. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் பிடி." பிறகு இரண்டு லாரிகளுக்கு நடுவே பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னார். நைனா தலையைக்கூட முழுக்கத் திருப்பாமல் எடுத்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்ச் சந்தில் கையை விட்டு அளந்து பார்த்துவிட்டு, "பலே" என்றார். மாமன் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான். "உங்க நைனா பாஸு."

அதற்கப்புறம் டாக்டர் அறை. பாதிக் கதவு. தாழ்வாரத்து பெஞ்சில் ஏறி நின்றால் உள்ளே தெரியும். நான் ஏறி நின்றேன்.

அட்டை வேறாக இருந்தது.

தலையில் இருந்த எழுத்து ஈ அல்ல. ஹெச். அதற்குக் கீழே இருந்தவை எனக்கு அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. ஆனால் தெரிந்த வரைக்கும் எதுவும் என் தாளில் இருந்த இடத்தில் இல்லை.

"படி" என்றார் டாக்டர். அவருக்கு இன்னும் இருபது பேர் பாக்கி. தலை நிமிரவில்லை.

நைனா அட்டையைப் பார்த்தார். பிறகு கதவுக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சார், அவருக்குப் படிக்கத் தெரியாது.' எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஈ" என்றார் நைனா.

டாக்டர் நிமிர்ந்து அட்டையைத் திரும்பிப் பார்த்தார். "எங்கே? மேலேயா?"

"எஃப். பீ." அவர் டிரிப்பை நிறுத்தவில்லை. "டீ, ஓ, இஸட்."

"போதும், போதும். தலையில இருக்கிறதே உனக்குத் தெரியலையேப்பா. இந்தக் கண்ண வச்சிண்டு பஸ் ஓட்டினா எத்தனை பேர் மேல ஏத்துவே?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. இரக்கமாகத்தான் சொன்னார். நைனாவின் பாரத்தைப் பார்த்து அதில் ஏதோ எழுதினார். "கரிப் புகைல கெட்டுப்போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரில காட்டு."

திரும்பும்போது டிராமில் நைனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமன் தேறியிருந்தான். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் நின்றுகொண்டு வந்தான். வண்டி மயிலாப்பூரை நெருங்கியது.

"மேல ரெண்டு கம்பம் நட்டு நடுவுல ஒரு கட்டை போட்டிருந்துச்சு" என்றார் நைனா மெதுவாக. "அதுக்குக் கீழ ஒரு வட்டம், அதுல வாலு. கடேசி வரி வரைக்கும் எல்லாம் தெரிஞ்சுது பாப்பா. அதுக்கும் கீழ ஓரத்துல பொடியா ஒரு வரி, அச்சாபீசு பேரா இருக்கும், அதுகூடத் தெரிஞ்சுது. அட்டைய நாலு ஆணி போட்டு அடிச்சிருக்கான், ஒரு ஆணி துருப்புடிச்சிகீது."

"தெரிஞ்சுதா? அப்புறம் ஏன் நைனா ஈன்னு சொன்னே?"

"ஏறுன ஒடனே தெரிஞ்சுபோச்சு, இது நம்ப ரூட்டு இல்லன்னு. சும்மா நின்னா படிக்கத் தெரியாதுன்னு ஆயிடுமே. நீ எழுதிக் குடுத்துகிறியே."

ஒரு வாரம் கழித்து மாமன் விடாப்பிடியாக நைனாவை அதே கட்டிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்; நானும் கூடப் போனேன். டாக்டர் அறைக்கு முன்னால் மேசை போட்டிருந்த குமாஸ்தாவிடம் கெஞ்சினான். "சார், இவருக்குக் கண்ணு நல்லா கீது சார். எழுத்து தெரியாது, அவ்ளோதான். அந்த மூணு கால் அட்டையில வச்சுப் பாருங்க சார்."

குமாஸ்தா நல்ல மனுஷர். "இருக்கே, அந்த அட்டை. அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்று சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்து நைனாவின் பாரத்தை எடுத்தார். படித்தார். அவர் முகம் மாறியது.

"இதுல எழுதப் படிக்கத் தெரியும்னு போட்டிருக்கு. யார் எழுதினது?"

மாமன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் நைனாவின் வேட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் மேல் குறையில்லை. ஆனால் நைனாவின் கை என் தோளில் வந்து அழுந்தியது.

"நான்தான் சார்" என்றார்.

"நீயா? இந்த இங்கிலீஷை?"

"ஆமா சார்."

குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தோய்த்து நீட்டினார். "உன் பேரை எழுது பார்க்கலாம்."

நைனா குனிந்து எழுதினார். நான் கற்றுக்கொடுத்தபடியே, புள்ளியில் ஆரம்பித்துப் புள்ளிக்கு வந்து. குமாஸ்தா அதைப் பாரத்தில் இருந்த கையெழுத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. "தமிழ்ல போட்டாலும் கையெழுத்து சரியாத்தான் இருக்கு. எழுதத் தெரிஞ்சவன் அட்டையப் படிக்க முடியலன்னா கண்ணுதானே கோளாறு? டாக்டர் எழுதினது எழுதினதுதான். போய் வைத்தியம் பாருப்பா."

வெளியே வந்ததும் மாமன் கத்தினான். "இன்னா மாமா, பைத்தியமா உனுக்கு? பொண்ணு எழுதுச்சுன்னா தலையையா வாங்கிடுவான்?"

"கீழ எழுதியிருந்துச்சே, மறந்துட்டியா? பொய் எழுதினவங்களுக்குத் தண்டனைன்னு. அத்தத் தூக்கி ஸ்கூலுக்கு அனுப்பிட்டான்னா? பேர அடிச்சிடுவான். அப்புறம் யாரு சேத்துக்குவா?"

ஒரு பஸ் டிரைவர் மனுவுக்காக ஒரு சிறுமியின் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் எழுதாது. எழுதத் தெரிந்த வீட்டில் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பொடி வரியை அவருக்குப் படித்துக் காட்டியது நான். எழுத்தில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று அவரை நம்ப வைத்ததும் நான்.

டீக்கடையில் இரண்டே நாளில் சேதி பரவியது. "அவனுக்குக் கண்ணு போச்சாமே." பாய்க்கு அதற்கப்புறம் மனசாட்சி உறுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. புது வண்டி ஒரு பட்டாளத்துக்காரனுக்குப் போயிற்று. பழைய லாரியின் உருளையை இரும்புக்காரர்கள் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். விசிறிக் கைப்பிடி மட்டும் சில நாள் தொட்டி ஓரத்தில் மழையில் கிடந்தது. பிறகு அதுவும் காணாமற்போயிற்று. நைனா, டிரைவரின் கண்ணைப் பற்றிக் கேள்வி கேட்காத ஒரு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தார். ராணிப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குத் தோல் ஏற்றும் லாரி. மாதத்தில் மூன்று நாள் வீடு. அவர் வந்தால் அவருக்கு முன்னால் அந்த வாடை வரும். மாமன் சர்க்கார் பஸ்ஸில் சேர்ந்து, கல்யாணமாகித் தனியாகப் போனான். மந்தைவெளி வழியாக ஓட்டும் நாட்களில் எங்கள் சந்து வந்தால் ஹாரன் அடிப்பான். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டான்.

அம்மாவிடம் நடந்ததை யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை அவள் முழுக்க நம்பினாள். நைனா வரும்போதெல்லாம் அவரைப் படுக்கவைத்து, இரண்டு கண்ணிலும் நந்தியாவட்டைப் பூவை வைத்து, மேலே ஈரத்துணி போட்டு விடுவாள். பொன்னாங்கண்ணிக் கீரையைத் தவிர வேறு கீரை எங்கள் வீட்டுக்கு வராது. "இப்போ தேவலாமா?" என்பாள். "தேவலாம்" என்பார் அவர். பத்து வருஷமாக இரண்டு நல்ல கண்களுக்கு எங்கள் வீட்டில் வைத்தியம் நடக்கிறது.

போன மாதம் எனக்கு வேலை உறுதியான கடிதம் வந்தது. தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் நானே படித்துக் காட்டினேன். அந்தச் சமயம் நைனா வீட்டில் இருந்தார். அம்மா தண்ணீருக்குப் போனதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முறையாக அந்தக் கோடையைப் பற்றிப் பேச்செடுத்தேன். தப்பு என்னுடையது என்றேன். இனிமேல் லாரி வேண்டாம், என் சம்பளம் போதும், வீட்டிலேயே இரு என்றேன். அவர் கண்மேல் துணி இருந்ததால் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"இப்ப எறங்கினா, கண்ணு போயித்தான் எறங்கினான்னு சொல்லுவானுங்க" என்றார்.

"யார் சொன்னா என்ன நைனா?"

"ஓட்டிகினே இருந்தா ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

"எத்தனை நாளைக்கு?"

அவர் துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருப்பதாகவும் மழைக்கு முன்னால் சரிபண்ண வேண்டும் என்றும் சொன்னார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆமாம், நகர்ந்திருந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மலைரோட்டில் போன வாரம் அவர்கள் கம்பெனி வண்டி ஒன்று கவிழ்ந்தது. நேற்று மதியம் அவர் ராணிப்பேட்டைக்குக் கிளம்பிப் போனார்.